முட்டையிடும் கோழி விலைக்கு வருமா?

கேள்வி: திண்டுக்கல்லை ஒட்டிய ஊரில் குடியிருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் காலி இடம், அதில் ஒரு முருங்கை, ஒரு கொய்யா. வீட்டில் ஐந்து பேர். வீட்டு முட்டைக்காக ஐந்தாறு கோழி வளர்க்க ஆசை. போன வருடம் இருபது குஞ்சு வாங்கினோம். செத்தது போக ஒன்பது மிஞ்சியது. அதில் ஆறு சேவல். குழம்பு வைத்ததுதான் மிச்சம். இந்த முறை முட்டையிடும் கோழியாகவே வாங்கிவிடலாம் என்று விசாரித்தால், எங்கே கேட்டாலும் குஞ்சுதான் இருக்கிறது என்கிறார்கள். அய்யலூர் சந்தைக்குப் போகலாம் என்கிறார் என் கணவர். நாமக்கல் பண்ணையில் வெள்ளைக் கோழி மலிவாகக் கிடைக்கும் என்கிறான் தம்பி. 'முட்டையிடும் நாட்டுக்கோழி, முன்பணம் அனுப்பினால் வீட்டுக்கே வரும்' என்று செல்போனில் விளம்பரமும் வருகிறது. எதை நம்புவது? பக்கத்து வீட்டு அக்காவின் நாலு கோழிகள் எங்கள் தோட்டத்தில்தான் மேய்கின்றன, அதனால் ஏதும் தொந்தரவு உண்டா? சேவலும் சேர்த்து வாங்க வேண்டுமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

கால்நடை மருத்துவர் பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

முட்டையிட்டுக்கொண்டிருக்கும் கோழியை யார் விற்பார்கள்? ஆறு மாதம் தீனி போட்டு, கீரிக்கும் பருந்துக்கும் தப்பவைத்து, முட்டை விழத் தொடங்கும் நேரத்தில் அதைக் கைமாற்றிவிட யாருக்கும் மனசு வராது. அப்படியும் விற்கிறார்கள் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். பணமுடையாக இருக்கலாம். வீடு மாறிப் போகிறவர்களாக இருக்கலாம். கோழிக்கு வயதாகியிருக்கலாம், இட்ட முட்டையைத் தானே உடைத்துக் குடிக்கும் பழக்கம் வந்திருக்கலாம். ஊருக்குள் கோழிச் சீக்கு நுழைந்திருக்கலாம். கோழியைப் பார்ப்பதற்கு முன் இந்தக் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அதனால் நீங்கள் தேடுவதைச் சற்று மாற்றிக்கொண்டால் வேலை சுலபமாகும். முட்டையில் இருக்கும் கோழியைத் தேடாமல், முட்டைக்கு நிற்கும் வெடைக்கோழியைத் தேடுங்கள். நாலரை, ஐந்து மாதப் பெட்டை. அந்த வயதில் சேவல் எது, பெட்டை எது என்பதில் சந்தேகமே இருக்காது. கொண்டை சிவக்கத் தொடங்கியிருக்கும். குஞ்சுப் பருவத்துச் சாவுகளையெல்லாம் தாண்டி வந்திருக்கும். முக்கியமாக, அந்த வயதில் அதை விற்பவருக்கு ஒளிக்க ஒன்றும் இருக்காது. ஒரு அடையில் பொரித்த குஞ்சுகள் மொத்தமும் வளர்ந்து நிற்க, கூட்டில் இடம் போதாமல் நாலைந்தைக் கழிக்கிறார்கள், அவ்வளவுதான். உங்களுக்கும் ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம் காத்திருப்பதோடு சரி.

போன வருடக் கணக்கில் நீங்கள் ஏமாந்ததாக நினைக்க வேண்டாம். ஒரு நாள் குஞ்சை ஆண், பெண் பிரித்துத் தருவது பெரிய முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் மட்டும்தான். நாட்டுக் குஞ்சு யாரிடம் வாங்கினாலும் பாதிக்குப் பாதி சேவல் வரும். அரசுத் திட்டங்களில் பெண்களுக்குக் கொடுப்பதும் நான்கு வாரக் குஞ்சுகள்தான். ஆகவே 'எங்கே கேட்டாலும் குஞ்சுதான்' என்று நீங்கள் எழுதியிருப்பது உண்மை நிலவரம். வளர்ந்த பெட்டையை ஆளைப் பிடித்துத்தான் வாங்க வேண்டும்.

அதற்கு முன் எந்தக் கோழி என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். நம் ஊர்ச் சிறுவிடை என்னும் சிறிய உடம்பு நாட்டுக்கோழி ஒரு பருவத்தில் பன்னிரண்டு முதல் பதினைந்து முட்டை வைக்கும், பிறகு அடையில் உட்கார்ந்துவிடும். 21 நாள் அடை, அதற்குமேல் இரண்டு மூன்று மாதம் குஞ்சுகளோடு அலைச்சல். வருடத்துக்கு மூன்று நான்கு தடவை முட்டைக்கு வந்தால் பெரிய விஷயம். கூட்டிப் பார்த்தால் ஒரு கோழிக்கு மிஞ்சிப்போனால் அறுபது முட்டை தேறும். ஆறு கோழிக்கு 360. அதாவது ஐந்து பேர் இருக்கும் வீட்டுக்கு நாளுக்கு ஒரு முட்டை! நாட்டுக்கோழி வாங்கியவர்கள் நாலே மாதத்தில் 'கோழி ஒழுங்காக முட்டை வைக்கவில்லை' என்று மருந்தகத்துக்கு வருவது இதனால்தான். கோழி ஒழுங்காகத்தான் வைக்கிறது. அதன் இயல்பே அவ்வளவுதான்.

ஐதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் புறக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கிய கிராமப்பிரியா, வருடத்துக்கு 160 முதல் 180 முட்டை வரை இடும். பழுப்பு ஓடு, நடுத்தர உடம்பு, நாட்டுக்கோழி மாதிரியே மேய்ந்து பிழைத்துக்கொள்ளும். அடைக்கு உட்காருவது அபூர்வம். அதே நிறுவனத்தின் வனராஜா கறிக்கும் முட்டைக்கும் பொது. நூறு முட்டையைச் சுற்றித்தான் நிற்கும். உங்கள் தேவைக்கு நான்கு கிராமப்பிரியா, இரண்டு சிறுவிடை என்று வைத்துக்கொள்ளச் சொல்வேன். சராசரியாக நாளுக்கு இரண்டு முட்டை கிடைக்கும், பின்னாளில் குஞ்சு பொரிக்க ஆசை வந்தால் அடைக்கு உட்கார ஒரு கோழியும் வீட்டில் இருக்கும். கருங்கோழி என்ற கடக்நாத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நல்லது. முட்டைக்காக அதை வாங்குவதில் அர்த்தமில்லை.

இப்போது அய்யலூர். வியாழக்கிழமை விடியுமுன் கூடும் அந்தச் சந்தையில் ஆட்டோடு கோழியும் ஏராளமாக வரும். போகக் கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே இரண்டு வகை ஆட்கள் நிற்பார்கள். ஒரு பக்கம் வியாபாரிகள்: கூடை கூடையாக, நாலைந்து ஊர்க் கோழிகளை ஒன்றாக அடைத்து வைத்திருப்பார்கள். அந்தக் கோழி எந்த வீட்டில் வளர்ந்தது, தடுப்பூசி கண்டதா என்று அவர்களுக்கே தெரியாது. இன்னொரு பக்கம், வடமதுரை, எரியோடு பக்கத்துக் கிராமங்களிலிருந்து வீட்டுக் கோழி ஒன்றிரண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வரும் பெண்கள். வாசலிலேயே வியாபாரிகள் மடக்கி வாங்கிவிடுவதால் இவர்கள் சந்தைக்குள் வந்து சேர்வதே குறைவு. வாங்கினால் இவர்களிடம் வாங்குங்கள். 'ஏன்க்கா குடுக்கிறீங்க?' என்று கேளுங்கள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்டணும், வீட்டில் விசேஷம் என்றால் சரி. 'எங்க ஊர்ல எல்லாரும்தான் விக்கிறாங்க' என்று பதில் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு திரும்பிவிடுங்கள். ஒரு ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்ற கோழிக் கொள்ளைநோய் விழுந்தால், இருக்கிற கோழியைக் காசாக்கிவிடலாம் என்று எல்லாரும் முதலில் ஓடுவது சந்தைக்குத்தான். பார்வைக்கு நன்றாக இருக்கும் கோழி உங்கள் வீட்டுக்கு வந்த ஐந்தாறு நாளில் கழுத்தை முறுக்கிக்கொண்டு விழும். மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் இந்த நோய் ஊர் ஊராகச் சுற்றும் காலம். அந்த நேரத்தில் சந்தைக் கோழி வேண்டவே வேண்டாம்.

காலத்தைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. ஆடி மாதக் கோயில் கிடாவெட்டுக்கும் தீபாவளி, பொங்கலுக்கும் நாட்டுக்கோழி விலை தாறுமாறாக ஏறும். புரட்டாசியில் பாதி வீடுகளில் கவிச்சியே கிடையாது. கார்த்திகையில் மாலை போட்டவர்கள் வீட்டிலும் அப்படித்தான். கறிக்காரர்கள் வாங்காத இந்த மாதங்களில் வளர்ந்த பெட்டை தேடுகிறவருக்குப் பேரம் படியும்.

சந்தையோ வீடோ, கோழியைக் கையில் எடுக்காமல் வாங்காதீர்கள். விற்பவர் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக் காட்டுவார். அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துப் பிடியுங்கள். முதலில் மூச்சைக் கேளுங்கள். காதருகே வைத்தால் கரகரப்பு, தும்மல் இருந்தால் தெரியும். கண்ணோரம் நுரை, மூக்கில் ஒழுகல், முகம் ஒரு பக்கம் வீங்கியிருப்பது சளி நோயின் அடையாளம். இது குணமான பிறகும் கோழிக்குள் தங்கி மற்றவற்றுக்குப் பரவும். பிறகு இறக்கையைத் தூக்கி அடியிலும், பின்புறத்தில் ஆசனவாயைச் சுற்றியும் இறகை ஊதிப் பாருங்கள். இறகின் அடித்தண்டில் வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தால் அது பேன் முட்டை. பேனுக்கு மருந்து இருக்கிறது, அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை, விலையைக் குறைத்துக் கேட்கலாம். பின்புற இறகில் பச்சையாகவோ சுண்ணாம்பு மாதிரியோ எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தால் பேரமே வேண்டாம். நெஞ்செலும்பைத் தடவுங்கள். இரண்டு பக்கமும் சதை இல்லாமல் கத்தி போல நீட்டிக்கொண்டிருந்தால், உள்ளே புழுவோ நாள்பட்ட நோயோ உண்டு. கழுத்தடியில் தீனிப்பை கல் மாதிரி கெட்டியாக இருக்கக் கூடாது. விடிகாலையில் சந்தைக்கு வந்த கோழிக்கு அது புடைத்துத் தொங்கினால், எடைக்காக இரவே திணித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

'முட்டையில இருக்குங்க, நேத்துகூட வச்சுது' என்று சத்தியம் செய்தால் அதையும் விரலாலேயே சோதித்துவிடலாம். கோழியின் ஆசனவாய்க்கு இரு பக்கமும், வாலுக்குக் கீழே, இரண்டு மெல்லிய எலும்பு முனைகள் கைக்குத் தட்டுப்படும். முட்டையில் இருக்கும் கோழிக்கு அந்த இரண்டுக்கும் நடுவில் இரண்டு விரல், நன்றாக இடும் கோழிக்கு மூன்று விரல் தாராளமாக நுழையும்; எலும்பும் வளைந்து கொடுக்கும். ஒரு விரல்கூட நுழையாமல் இறுகியிருந்தால் இன்னும் முட்டைக்கு வரவில்லை, அல்லது நின்று வெகுநாளாகிறது. அந்த எலும்புகளுக்கும் நெஞ்செலும்பின் கடைசி முனைக்கும் இடையே உள்ள வயிறு மெத்தென்று இருக்க வேண்டும். ஆசனவாய் அகலமாக, ஈரமாக, வெளுத்து இருந்தால் முட்டை நடக்கிறது. சுருங்கி, வட்டமாக, உலர்ந்து இருந்தால் நடக்கவில்லை. கொண்டையைத் தொட்டுப் பாருங்கள்: முட்டைக்கோழியின் கொண்டை சிவந்து, தடித்து, வெதுவெதுப்பாக இருக்கும். அடையில் இருக்கும் கோழிக்கும் இறகு உதிர்க்கும் கோழிக்கும் அது சுருங்கி வெளிறிப்போகும். அடைக்கோழி ஒன்றை 'முட்டைக்கோழி' என்று கொடுத்துவிட்டால் அது பொய்யும் இல்லை. ஆனால் அடுத்த முட்டையைப் பார்க்க நீங்கள் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும்.

வயதுக்குக் காலைப் பாருங்கள். இளம்பெட்டையின் கால் செதில் வழவழவென்று, வரிசையாகப் படிந்திருக்கும். வயதானதற்குச் செதில் தடித்துத் தூக்கிக்கொண்டு, சொரசொரப்பாகத் தெரியும். செதிலுக்கடியில் வெள்ளைச் சுண்ணாம்பு பூத்தது போல மேடாகியிருந்தால் அது வயதால் மட்டும் அல்ல, செதிலுக்குள் புகும் நுண்பூச்சியான கால்செள்ளும் சேர்ந்திருக்கிறது.

நாமக்கல் வெள்ளைக் கோழிக்கு வருகிறேன். உங்கள் தம்பி சொல்வதில் பொய் இல்லை. அங்கே பண்ணைகளில் முட்டைக்கோழியை எண்பது வாரத்தை ஒட்டியோ அதற்கும் மேலோ வைத்திருந்து, பிறகு மொத்தமாகக் கழித்துவிடுவார்கள். பேப்பரில் கறிக்கோழி விலைக்குப் பக்கத்தில் 'முட்டைக்கோழி கிலோ இவ்வளவு' என்று தினமும் போடுகிறார்களே, அது இந்தக் கழித்த கோழிக்குத்தான். கழிக்கும் நாளில்கூட அதில் பாதிக்கு மேல் முட்டையிட்டுக்கொண்டுதான் இருக்கும். தீனிச் செலவுக்குக் கட்டவில்லை, ஓடு மெலிகிறது என்பதால் பண்ணைக்காரர் விடுகிறார். அப்படியானால் வீட்டுக்கு லாபம்தானே என்று தோன்றும். தோன்றட்டும், ஆனால் நடப்பது வேறு.

பண்ணையில் அந்தக் கோழிக்கு விளக்குப் போட்டு நாளுக்கு 16 மணி நேர வெளிச்சம் காட்டியிருப்பார்கள். அளந்து போட்ட முட்டைத்தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மட்டுமே நூற்றுக்கு மூன்றரை, நான்கு பங்கு இருக்கும். உங்கள் வீட்டில் பகல் 12 மணி நேரம், தீனி கம்பும் குருணையும். வெளிச்சமும் தீவனமும் ஒரே நாளில் குறைந்ததும் உடம்பு முட்டையை நிறுத்திவிட்டு இறகை உதிர்க்கத் தொடங்கும். வந்த இரண்டாம் வாரம் தோட்டம் முழுக்க வெள்ளை இறகாகக் கிடக்கும். அடுத்த முட்டைக்கு இரண்டு மாதம் ஆகும். பிறந்ததிலிருந்து கம்பிக் கூண்டில் நின்றே வளர்ந்ததால் எலும்பு நொய்ந்திருக்கும். ஓடத் தெரியாது, பரண் ஏறத் தெரியாது, பருந்தைக் கண்டால் ஒளியவும் தெரியாது. மூக்கு நுனி வெட்டப்பட்டிருப்பதால் மண்ணில் கிடக்கும் தானியத்தைப் பொறுக்கவே முதல் சில நாள் திணறும். கீரி, நாய் நடமாட்டம் உள்ள தோட்டத்தில் அவற்றைத் திறந்துவிட்டால் எண்ணிக்கை தினமும் குறையும்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு வெள்ளைக் கோழியை வாங்கிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் தப்பும் இல்லை. அடைத்த இடம், தாழ்வான குறுக்குக் கம்பு, கடையில் விற்கும் முட்டைத்தீவனம் இந்த மூன்றும் கொடுத்தால் பெரும்பாலானவை தேறிவரும். ஒரு மாதத்தில் அவை மண் குளியல் போடுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். ஆனால் உங்கள் நிலைமையில், பக்கத்து வீட்டு நாட்டுக்கோழிகள் மேயும் இடத்தில் பண்ணைக் கோழியை இறக்காதீர்கள். பண்ணைக் கோழிகள் ஏகப்பட்ட தடுப்பூசி கண்டவை. கழிச்சல் கிருமி உள்ளே இருந்தாலும் அவற்றுக்கு ஒன்றும் செய்யாது. எச்சத்தின் வழியே அந்த அக்காவின் நாலு கோழிக்குப் போனால் நாலும் மிஞ்சாது. அப்புறம் கோழி போன வருத்தத்தைவிடப் பேச்சுவார்த்தை நின்ற வருத்தம் பெரிதாகிவிடும்.

விளம்பரத்துக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். கையில் தொட்டுப் பார்க்காத கோழிக்குப் பணம் இல்லை என்பதில் உறுதியாக இருங்கள். பல இடங்களில் படத்தில் சிறுவிடையைக் காட்டிவிட்டு, பெட்டியில் கறிக்காக வளர்த்த கிராஸ் கோழியை அனுப்புகிறார்கள். இறகு நிறம் நாட்டுக்கோழி மாதிரியே இருக்கும், முட்டை மட்டும் வராது. பெட்டியில் அடைத்துப் பேருந்தில் போட்டு, வெயிலில் எட்டு மணி நேரம் பயணம் செய்து வந்த கோழி பிழைத்தாலும் அந்த மாதம் முட்டைக்கு ஆகாது.

சரி, எங்கேதான் வாங்குவது? என் முதல் யோசனை உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகம். அங்கே கோழி விற்க மாட்டார்கள்தான். ஆனால் சுற்றுவட்டாரத்தில் யார் தவறாமல் கோழிக்குத் தடுப்பூசி போட வருகிறார்கள் என்று அங்குள்ள டாக்டருக்கும் கால்நடை ஆய்வாளருக்கும் நன்றாகத் தெரியும். ஐம்பது நூறு கோழி வைத்து, குஞ்சு பொரித்து விற்கும் ஆட்கள் உங்கள் பக்கம் ஒவ்வொரு ஊரிலும் ஒருவராவது இருப்பார். அவர் பெயரை வாங்கிக்கொண்டு நேரில் போய், 'அஞ்சு மாசப் பெட்டை நாலு வேணும், இல்லாட்டி இப்ப இருக்கிற ரெண்டு மாசக் குஞ்சுல பெட்டையாப் பார்த்து எனக்குன்னு விட்டுவையுங்க' என்று சொல்லி வையுங்கள். இரண்டு மாதக் குஞ்சில் கொண்டையையும் வால் இறகையும் வைத்தே பழகிய கை ஆண், பெண் பிரித்துவிடும். கறிக்கு விற்கும் விலையைவிடக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். அந்தப் பணம் வீண்போகாது.

கிராமப்பிரியா வேண்டுமென்றால் திண்டுக்கல்லில் இருக்கும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையத்தில் கேளுங்கள். கோழி வளர்ப்புப் பயிற்சிக்கு அங்கே வந்துபோகிறவர்களில் குஞ்செடுத்து ஒன்றரை இரண்டு மாதம் வளர்த்துக் கொடுக்கிறவர்கள் இருப்பார்கள். மையத்திலேயே கோழி கையிருப்பு இருக்கிறதா என்பது அந்தந்த நேரத்தைப் பொறுத்தது. நேரில் போவதற்கு முன் போன் போட்டுவிடுங்கள்.

இன்னொரு வழியை யாரும் யோசிப்பதில்லை. அந்தப் பக்கத்து வீட்டு அக்காவே இருக்கிறாரே! அவருடைய கோழிகள் உங்கள் தோட்டத்தில் மேய்ந்து, உங்கள் வெயிலுக்கும் உங்கள் ஊர்க் கிருமிக்கும் பழகியவை. அடுத்த முறை அவர் அடை வைக்கும்போது நாலு முட்டைக்கான காசை முன்கூட்டியே கொடுத்து, வளர்ந்ததும் இரண்டு பெட்டையை எடுத்துக்கொள்கிறேன் என்று பேசி வையுங்கள். சிறுவிடை இரண்டும் இப்படியே வந்துவிடும்.

யாரிடம் வாங்கினாலும், எட்டாவது வாரத்தில் கழிச்சல் தடுப்பூசி போட்டார்களா, அதற்கு அப்புறம் ஒருமுறை போட்டார்களா என்று கேளுங்கள். போடவில்லை என்றால் வாங்கி வந்த பிறகாவது மருந்தகத்தில் போட்டுவிட வேண்டும். வெடைக்கோழி என்றால் கவலை இல்லை. முட்டையில் இருக்கும் கோழிக்கு ஊசி போட்டால் சில நாள் முட்டை குறையலாம், எந்த மருந்து என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். ஒரு மருந்துக் குப்பியைத் திறந்தால் நூறு கோழிக்குப் போட வேண்டும், இரண்டொரு மணி நேரத்தில் தீர்த்தாக வேண்டும். அதனால் எந்த நாளில் போடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு போங்கள். வருடா வருடம் பிப்ரவரியில் கால்நடைத் துறை இரண்டு வாரம் இலவச முகாம் நடத்துகிறது. அந்த அக்காவின் கோழிகளையும் கையோடு தூக்கிப் போய்ப் போட்டுவிடுங்கள். அவை பாதுகாப்பாக இல்லாமல் உங்கள் கோழிகளுக்குப் பாதுகாப்பு கிடையாது.

வாங்கிய கோழியைக் காலைக் கட்டி வண்டி ஹேண்டில்பாரில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டு வரக் கூடாது. பார்க்கச் சகிக்காது என்பது ஒரு பக்கம். முட்டைக்கு நிற்கும் கோழிக்கு உள்ளே உருவாகிவரும் முட்டை உடைந்து வயிற்றுக்குள் சிதறினால் அது சாவதற்கும் இடமுண்டு. துளை போட்ட அட்டைப்பெட்டியோ மூங்கில் கூடையோ எடுத்துப் போங்கள். சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் வீட்டுக்கு வந்து சேர்கிற மாதிரி கிளம்புங்கள். வந்ததும் நேரே கூட்டில் விட்டுத் தண்ணீர் மட்டும் வையுங்கள். தீனி காலையில் போதும்.

பக்கத்து வீட்டுக் கோழிகள் மேய்வதால் உங்களுக்கு ஒரு வேலை கூடுகிறது. புதிதாக வந்தவற்றை மூன்று வாரம் அடைத்து வைத்தாக வேண்டும். பஞ்சாரத்தைக் கவிழ்த்து வைப்பது முதல் நாள் இரவுக்கு ஆகும், மூன்று வாரத்துக்கு ஆகாது. முருங்கை மரத்தடியில் பத்தடிக்கு ஆறடி வலை அடைப்பும், உள்ளே தரையிலிருந்து தூக்கிக் கட்டிய கூடும் போதும். வீட்டில் பழைய கோழி ஏதும் மிஞ்சியிருந்தால் முதலில் அதற்குத் தீனி, கடைசியில் புதுசுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே செருப்போடு அங்கும் இங்கும் போகாதீர்கள். இந்த மூன்று வாரத்தில் கூடு எது என்று அவற்றுக்கு மனதில் பதிந்துவிடும். திறந்துவிட்டாலும் பொழுது சாய்ந்ததும் தாமாகவே வந்து அடையும்.

இடம் மாறிய கோழி ஒரு வாரமோ மூன்று வாரமோ முட்டையை நிறுத்தும். விற்றவரைத் திட்டப் போய்விடாதீர்கள். கூட்டில் இருட்டான மூலையில் ஓரடிச் சதுரத்தில் இரண்டு பெட்டி, உள்ளே வைக்கோல், அதில் ஒரு பொம்மை முட்டை வைத்துவிடுங்கள். வெடைக்கோழி முட்டைக்கு வருவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பே கேர ஆரம்பிக்கும், மூலை மூலையாகப் போய்ப் பார்க்கும். அந்த நாளிலிருந்து தீனியில் முட்டைத்தீவனத்தைப் பாதியாவது கலக்க வேண்டும். ஒரு முட்டையின் ஓட்டுக்கு மட்டும் இரண்டு கிராம் சுண்ணாம்புச் சத்து போகிறது. கம்பிலும் சோளத்திலும் அது கிடைக்காது. கிளிஞ்சலை நொறுக்கித் தனிக் கிண்ணத்தில் வைத்தால் வேண்டியதைக் கோழியே எடுத்துக்கொள்ளும். முதல் சில முட்டை ரொம்பச் சின்னதாகவோ, ஓடே இல்லாமல் தோலோடோ வரலாம். பயப்பட வேண்டாம். குடற்புழு மருந்தை அடைத்து வைத்திருக்கும் நாட்களிலேயே கொடுத்து முடித்துவிட்டால், எத்தனை நாள் முட்டையை ஒதுக்குவது என்ற கேள்வியும் வராது.

கடைசியாகச் சேவல். முட்டைக்குச் சேவல் தேவையில்லை. பெட்டை தன் பாட்டுக்கு வைக்கும். குஞ்சு பொரிக்க நினைத்தால்தான் வேண்டும், அதற்கும் பக்கத்து வீட்டில் சேவல் இருந்தால் அதுவே போதும். சொந்தமாக ஒன்று வேண்டும் என்று வீட்டில் அடம்பிடித்தால், பெட்டைகள் வந்த வீட்டிலிருந்து எடுக்காமல் வேறு வீட்டுச் சேவலாகப் பார்த்து வாங்குங்கள். அதற்கும் மூன்று வார அடைப்பு உண்டு.